அவள் பெயரில் ஓடுவதெல்லாம்

சுண்டு இருமியது இரண்டு தடவை கேட்டது.

முதலில் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் இருந்த சின்னச் சதுரத்தில் கேட்டது. அதற்கப்புறம்தான் அறையில், அம்மாவின் முதுகுக்குப் பின்னால், திறந்திருந்த கதவு வழியாகக் கேட்டது. ஒரே இருமல்தான். முடிவில் மூக்கை உறிஞ்சுகிற அந்தச் சத்தம்கூட இரண்டிலும் அச்சு மாறாமல் இருந்தது.

மவுஸின் மேலிருந்த கை நின்றது. இரண்டு தடவை கேட்பது ஒன்றும் புதிதில்லை. குழந்தை இருமினால் முதலில் காதில் விழும். அது கேமராவுக்குள் புகுந்து, வைஃபையில் ஏறி, இங்கே வந்து ஸ்பீக்கரில் இறங்குவதற்குள் ஒரு மூச்சு விட்டு முடித்துவிடலாம். எப்போதும் அறை முந்தும், கேமரா பிந்தும். இன்றைக்கு அது மாறி வந்திருந்தது.

"காது அடைச்சிருக்கு போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சுண்டுவிரலை விட்டுக் காதை ஆட்டிவிட்டு மறுபடி வேலையைப் பார்த்தாள்.

மத்தியானம்தான். ஆனால் வெளியே மழை அடித்துப் பெய்ததில் வீட்டுக்குள் சாயங்காலம் மாதிரி இருட்டு. ஹாலில் டியூப்லைட் எரிந்தது. துணி காயாத ஈர வாசனையும், குழந்தைக்குத் தடவிய தைல வாசனையும், மேஜைக்கடியில் இரைந்துகொண்டிருந்த கம்ப்யூட்டரின் சூடான தூசி வாசனையும் கலந்து மூச்சில் ஏறின. கணவன் வெளியூர் வேலையில் இருந்தான். வீட்டில் அவளும் நாலு வயது மகளும் மட்டும்தான்.

மகளுக்குச் சுண்டெலி மாதிரி முகம். அதனால் சுண்டு. இரண்டு நாளாகக் காய்ச்சல். மற்ற பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் காய்ச்சலோடு போகும்; சுண்டுவுக்கு அது ஏறினால் வலிப்பு வரும். போன தடவை வந்தபோது இவள் சமையலறையில் மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தாள். அணைத்துவிட்டு வந்து பார்த்தபோது குழந்தையின் உதடு நீலமாகியிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தாளோ, யாருக்குத் தெரியும். "ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க" என்று சொன்ன டாக்டர், கதவு வரைக்கும் வந்து இன்னொன்றும் சொன்னார். "கண்ண எடுக்காதீங்கம்மா. அடுத்த தடவை லேட்டாப் பார்க்கக் கூடாது."

அன்றிலிருந்து அந்த வார்த்தை அவள் வயிற்றிலேயே உட்கார்ந்திருந்தது.

அதனால்தான் கேமரா. அறையின் அலமாரி மேல் வைத்திருந்தாள். கட்டில் முழுசாகத் தெரியும். கட்டிலுக்கு அப்பால் திறந்த கதவும், கதவுக்கு அப்பால் ஹாலில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் இவளுடைய முதுகும் தெரியும். மேஜையை அறைக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் போடுகிற இரைச்சலில் குழந்தை எங்கே தூங்குவது?

வேலை வீடியோ எடிட்டிங். ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பயிற்சிப் படம் சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். தொழிற்சாலை மேலாளர் காலையிலிருந்து "வந்துடும்ல மேடம், வந்துடும்ல மேடம்" என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். முடித்த படத்தை ஒரே ஃபைலாக்க எக்ஸ்போர்ட் போட்டால் கம்ப்யூட்டர் மூச்சு முட்டும். கேமரா சதுரம் திக்கித் திக்கி வரும். குழந்தை புரண்டு படுத்தால் சதுரத்தில் ரொம்ப நேரம் கழித்துத்தான் புரளும். சாப்பிட்டதும் தம்பிக்குப் போன் போட்டாள்.

நாலு தெரு தள்ளியிருக்கும் அவன்தான் இந்தக் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்தவன். ஓர் அலுவலகத்தில் இருக்கிற அத்தனை கம்ப்யூட்டரையும் மேய்ப்பது அவன் பிழைப்பு.

"அக்கா, சிம்பிள். உள்ள ஓடற ஒவ்வொரு ப்ரோசஸுக்கும் ஒரு நைஸ் நம்பர் இருக்கு. நம்பர் ஏற ஏற அது நல்ல பிள்ளை ஆயிடும். பத்தொம்பது போட்டுட்டேன்னு வை, க்யூவில நிக்கற எல்லாருக்கும் 'நீங்க போங்க, நீங்க போங்க'ன்னு வழிவிட்டுட்டுக் கடைசியில நிக்கும். மைனஸ் இருபது போட்டா ரவுடி. எல்லாரையும் தள்ளிட்டு முன்னால வந்துடும். நீ எக்ஸ்போர்ட்டுக்குப் பத்தொம்பது போடு. கேமராவ நான் இங்கேருந்தே ரூட், அதான் அட்மின் பேர்ல மைனஸ் இருபதுல ஓட விட்டுடறேன்."

"தப்பாப் போட்டுத் தொலைச்சுட்டா?"

"க்யூவில கீழ இறக்கறது யார் வேணும்னாலும் இறக்கலாம். திருப்பி ஏத்தத்தான் ரூட் பாஸ்வேர்ட் வேணும். அது எங்கிட்ட இருக்கு. போன தடவை உங்கிட்ட குடுத்தேன், ஸ்பீக்கரையே சாகடிச்ச. மறந்துட்டியா?"

"போடா பெரிய இவன்" என்று வைத்துவிட்டாள்.

அவன் அனுப்பிய கட்டளையில் எக்ஸ்போர்ட்டின் அடையாள எண்ணைச் சேர்த்து அடிக்க வேண்டும். அடித்தாள். ஆனால் அது ஒன்றாக ஓடவில்லை. பத்துப் பன்னிரண்டு துணை ப்ரோசஸ்களைக் கிளப்பிவிட்டிருந்தது; ஒவ்வொன்றும் ஒவ்வோர் எண்ணில் ஓடியது. ஒன்றைப் பிடித்து இறக்குவதற்குள் அது செத்து வேறொன்று பிறந்திருந்தது. அவளுக்கு எரிச்சல் மண்டைக்கேறியது. கட்டளையின் உதவிப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். குறுக்கு வழி ஒன்று இருந்தது. எண்ணுக்குப் பதிலாக ஓர் ஆளின் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயரில் ஓடுவது அத்தனையும் ஒரே அடியில் இறங்கிவிடும்.

ரீநைஸ் என்ற கட்டளை. பத்தொன்பது. ஆளைக் குறிக்கும் அந்த ஒற்றை எழுத்து. அப்புறம் தன் பெயர். எண்டர்.

அப்பாடா. சதுரத்தில் படம் தண்ணீர் மாதிரி ஓடியது. போர்வைக்கடியில் சுண்டுவின் நெஞ்சு ஏறி இறங்குவதுகூடத் தெரிந்தது.

அதற்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த இருமல்.

இப்போது சதுரத்தில் சுண்டு தூக்கத்திலேயே கையை வீசினாள். கை, பக்கத்து ஸ்டூலில் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டது. ணங் என்று விழுந்து, தண்ணீர் சிந்த, உருண்டு கட்டில் காலில் முட்டியது.

இவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

டம்ளர் ஸ்டூலின் மேல் இருந்தது. குழந்தையின் கை போர்வைக்குள் இருந்தது. தரை காய்ந்திருந்தது.

திரையைப் பார்த்தாள். டம்ளர் தரையில். ஈரம், விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. மறுபடி அறையைப் பார்த்தாள். டம்ளர் ஸ்டூலில். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போர்வை விலகியது, கை வீசியது, ணங். உருண்டு வந்து, அதே கட்டில் காலில், அதே இடத்தில் முட்டி நின்றது.

எழுந்து போய்க் குழந்தையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முன்னால் தம்பியிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுக்கா."

"டேய், கேமராவுல எல்லாம் முன்னாடியே வருதுடா. அதுக்கப்புறம்தான் இங்க நடக்குது."

"ஹலோ? அக்கா?"

"சொல்லிட்டேனே. கேமராவுல—"

"ஹலோ, லைன்ல இருக்கியா? ... ஆங், இப்பக் கேக்குது. முன்னாடியே வருதா? ஏன், வைஃபை ஜோசியம் கத்துக்கிச்சா?"

"விளையாடாதடா. டம்ளர் விழுந்தத நான் முதல்ல திரையில பார்த்தேன். அப்புறம்தான் விழுந்துச்சு."

மழைச் சத்தம்தான் பதிலாக வந்தது. ஜன்னல் கம்பியில் ஒரு துளி தொங்கிக்கொண்டே இருந்தது. விழவில்லை. அவள் அதைப் பார்த்தபடி காத்திருந்தாள். அப்புறம் தம்பியின் குரல் பாதியிலிருந்து தொடங்கியது போல வந்தது.

"—க்கா, என்ன ஆச்சு உனக்கு? ஒவ்வொரு கேள்விக்கும் இவ்ளோ நேரம் யோசிச்சுப் பதில் சொல்ற? தூங்கிட்டியா?"

அவள் யோசிக்கவே இல்லை. அவன் கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொல்லியிருந்தாள்.

சதுரத்தை உற்றுப் பார்த்தாள். கட்டில். கதவு. கதவுக்கப்பால் அவளுடைய நாற்காலியின் முதுகு, அதற்குமேல் கிளிப் போட்ட அவளுடைய கொண்டை. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கையைத் தூக்கிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். தூக்கினாள். தூக்கினாள் என்றுதான் நினைத்தாள். குனிந்து பார்த்தால் கை மவுஸின் மேலேயே இருந்தது. எக்ஸ்போர்ட் ஓடும்போது பட்டனை அழுத்து அழுத்து என்று அழுத்தியும் ஒன்றும் நடக்காமல் இருக்குமே, அப்படி. ஐயோ, என்னடா இது. மறுபடி தூக்கினாள். மறுபடி.

சதுரத்தில் இருந்த பெண் கையைத் தூக்கினாள். இறக்கினாள். தூக்கினாள். இறக்கினாள். தூக்கினாள்.

அதெல்லாம் முடிந்த பிறகு அவளுடைய தோள் வலித்தது. கண்ணுக்கு முன்னால் அவளுடைய கை மேலே போய், கீழே வந்து, மேலே போய், கீழே வந்து, மேலே போனது.

கேமரா முந்தவில்லை. அவளுக்கு அது இப்போதுதான் புரிந்தது. கேமரா சரியான நேரத்தில்தான் ஓடுகிறது. மழை, தம்பி, சுண்டு, எல்லாரும் சரியான நேரத்தில்தான் ஓடுகிறார்கள். பிந்தியிருப்பது அவள் ஒருத்திதான்.

"அக்கா, நீ என்ன அடிச்ச? திரையில இருக்கறத அப்படியே படி."

படித்தாள். கட்டளையை, எண்ணை, அந்த எழுத்தை, தன் பெயரை.

ரொம்ப நேரம் கழித்து அவன் சிரிப்பு வந்தது. "உன் பேரையே போட்டுட்டியா? அடப்பாவமே! எக்ஸ்போர்ட்ட மட்டும் இறக்கச் சொன்னா, உன் பேர்ல ஓடறது எல்லாத்தையும் கடைசிக்குத் தள்ளிட்ட. சரி விடு, லேப்டாப் இப்ப எங்கிட்ட இல்ல, பாஸ்வேர்ட் சொல்றேன், நீயே ஏத்திக்கோ." ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். அவள் அடித்தாள். விரல்கள் அசையவில்லை. மறுபடி அடித்தாள். திரையில் கட்டம் காலியாகவே துடித்துக்கொண்டிருந்தது.

"போட்டியா? ... அக்கா? ... போட்டியாக்கா? ... ஏய், பேசு. எனக்குப் பயமா இருக்கு. நான் கெளம்பி வர்றேன், போனை வைக்காத."

அதோடு போன் ஓய்ந்தது.

சதுரத்தில் சுண்டு கண் விழித்தாள்.

முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது. கதவுப்பக்கம், நாற்காலியின் முதுகைப் பார்த்தாள்.

"அம்மா" என்றது ஸ்பீக்கர்.

இதோ வந்துட்டேன். இதோ. எழுந்திரு. அவள் எழுந்தாள். நாற்காலி அசையவில்லை.

"அம்மா. ஒரு மாதிரி இருக்கும்மா."

எழுந்திருடி. எழுந்திரு.

சதுரத்தில் இருந்த முதுகு திரும்பவில்லை. கொண்டை அசையவில்லை. சுண்டு இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடவில்லை. கண் மேலே செருகியது. பின்னால் சரிந்தாள். ஒரு கால் உதற ஆரம்பித்தது.

ஒருக்களிச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வை. யாராவது. கடவுளே, யாராவது.

கத்தினாள். குரல் இல்லை. கத்தினாள். இல்லை. கட்டில் கிரீச் கிரீச் என்றது. ஸ்பீக்கரில் மட்டும். முதுகுக்குப் பின்னால் அறை அமைதியாக இருந்தது. அங்கே குழந்தை இன்னும் சீராக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த மூச்சுச் சத்தம் அவளுக்குக் கேட்டது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

உதடு நிறம் மாறியது.

சதுரத்தில் வாசல் கதவு இடிபட்டது. நனைந்து சொட்டச் சொட்டத் தம்பி ஓடி வந்தான். அவளைத் தாண்டி ஓடினான். குழந்தையைப் பக்கவாட்டில் புரட்டினான். முதுகைத் தடவினான். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா தங்கம், மாமா இருக்கேன்." உதறல் குறைந்தது. நின்றது. சுண்டு அழுதாள். உயிரோடு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு இவள் நெஞ்சு வெடிக்கிற மாதிரி சந்தோஷப்பட்டாள். கண்ணீர் வரவில்லை. அதுவும் க்யூவில் நின்றிருக்க வேண்டும்.

தம்பி நிமிர்ந்தான். "அக்கா! புள்ள இங்க இப்படிக் கெடக்கு, நீ..." கதவைத் தாண்டி வந்து நாற்காலியைத் திருப்பினான். அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினான். அப்புறம் உலுக்குவதை நிறுத்தி, அவள் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

தோளில் ஒன்றும் உணரவில்லை. கண்ணுக்கு முன்னால் ஹாலில் யாரும் இல்லை. ஜன்னல் கம்பியில் அந்தத் துளி தொங்கிக்கொண்டிருந்தது.

சதுரத்தில் வெளிச்சம் மாறியது. கணவன் பெட்டியோடு வந்தான், பெட்டியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். ஒருவர் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளுடைய கை தொங்கியது. நாற்காலி காலியாக நின்றது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கைப்பிடியின் கிழிந்த ரெக்சின் மணிக்கட்டில் உறுத்தியது.

இருட்டு. வெளிச்சம். இருட்டு. வெளிச்சம். நாற்காலியை எடுத்துவிட்டார்கள். மேஜையை எடுத்துவிட்டார்கள். கதவுக்கப்பால் வெறும் சுவர். கட்டிலின் விரிப்பு மாறியது. சுவரில் பென்சில் கிறுக்கல்கள் வந்தன, அதன் மேல் வெள்ளை அடித்தார்கள். கட்டில் பெரிதானது. ஓரத்தில் படிக்கிற மேஜை வந்தது. கட்டிலில் ஒரு நீளமான பெண் குப்புறப் படுத்துக்கொண்டு, காலை ஆட்டியபடி படித்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். ஆனால் அந்தச் சுண்டெலி முகம்.

அவள் தலையைத் தூக்கி அலமாரியைப் பார்த்தாள். எழுந்து கிட்டே வந்தாள். முகம் சதுரத்தை நிறைத்தது.

"மாமா, இந்தக் கேமரா இன்னும் ஓடுது பாரேன். லைட் எரியுது."

"அதுவா?" பின்னால் நரைத்த தலையோடு தம்பி நின்றான். "அன்னிக்கு விட்டது. நிறுத்த மனசு வரல."

"நான் அன்னிக்கு அம்மாவக் கூப்பிட்டேன் மாமா. ரெண்டு தடவை. திரும்பவே இல்ல."

"தெரியும்டா."

"கோவமா இருந்தாங்களோ எம்மேல?"

தம்பி கேமராவுக்குக் கை காட்டினான். "கழட்டிடு" என்று மட்டும் சொன்னான். ஒரு விரல் வந்தது. சதுரம் முழுக்க விரலாகி, கறுத்துப்போனது.

இல்ல கண்ணு. கோவம் இல்ல. ஒரு துளிக்கூட இல்ல.

அவளுக்கு இன்னும் அதே மத்தியானம்தான்; திரையில் எக்ஸ்போர்ட் பாதி முடிந்திருந்தது. மழை வாசனை வந்தது. ஜன்னல் கம்பியில் தொங்கிய துளி விழுந்தது.

முதுகுக்குப் பின்னால், அறையில், கட்டில் மெதுவாகக் கிரீச்சிட்டது. யாரோ முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரும் சத்தம்.

"அம்மா" என்று சுண்டு கூப்பிட்டாள்.

"இதோ வந்துட்டேன்டா தங்கம்" என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.